ஆட்சேபணை

“சாவுக்கு யாராவது சாட்சிக் கையெழுத்து போடுவாங்களாடா?”

பெயின்ட் கடைக்காரர் காகிதத்தைத் தொடவில்லை. படிக்கும் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. மேசைமேல் விரித்து வைத்திருந்த இரண்டு பக்கங்களையும் ஏதோ சிந்திக் கிடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

எதிரே சக்கர நாற்காலியில் அவருடைய தம்பி. இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கையிலிருந்த திருப்புளி தானாக நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. நரம்பு நோய் என்றார்கள். விரல், கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய், இப்போது நாக்கும் பாதி போய்விட்டது. அவர் பேசுவது மனைவிக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும். அவர் குழறக் குழற அவள் திருப்பிச் சொல்லுவாள்.

“சாவுக்கு இல்லையாம் பெரியத்தான்” என்றாள் அவள். “சாகிற விதத்துக்காம்.”

காகிதத்தில் இருந்தது அதிகமில்லை. மூச்சுவிட முடியாத நிலை வந்தால் தொண்டையில் குழாய் இறக்கிச் சுவாசக் கருவியில் போட வேண்டாம். வலி தெரியாமல் மருந்து கொடுத்தால் போதும். தன்னால் சொல்ல முடியாமல் போனால் தன் சார்பில் மனைவி முடிவு சொல்லுவாள். இப்படி எழுதி வைக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. இரண்டு சாட்சி, நோட்டரி முன்னால் ஒரு கைநாட்டு. அவ்வளவுதான்.

“இது உன் யோசனையாம்மா?” என்று பெயின்ட் கடைக்காரர் தம்பி மனைவியைக் கேட்டார்.

“இல்ல பெரியத்தான். அவருதான் ஆறு மாசமா சொல்லிட்டிருக்காரு.”

“பின்ன உன் பேரு எதுக்கு இதுல?”

“அவரால சொல்ல முடியாமப் போனா யாரக் கேக்கணும்னு எழுதணுமாம்.”

“கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னக் கேக்க மாட்டாங்களா?”

லிஃப்ட்காரர் ஏதோ சொன்னார். அவள் திருப்பிச் சொல்லாமல் தயங்கினாள்.

“என்னவாம்?”

“எத்தனையோ பேர மேல ஏத்தி எறக்கியிருக்கேன். என்ன மட்டும் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிவெச்சுடாதீங்கங்கிறாரு.”

கதவருகில் நின்றிருந்த மகள் சிரித்துவிட்டாள். அச்சகம் ஒன்றில் கணினி வேலை பார்க்கிறவள், இருபத்தொரு வயது. அப்பாவின் குறும்பு அவளுக்கு உடனே பிடிபட்டுவிடும். பெயின்ட் கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “எழுதுறவன் எழுதிட்டுப் போயிடுவான். கையெழுத்துப் போட்டவங்களத்தான் நாளைக்கு ஊர் கேக்கும்” என்றார்.

கூட வந்திருந்த அவர் மனைவி, அதாவது லிஃப்ட்காரர் மனைவியின் ஓரகத்தி, இரண்டடி பின்தங்கி நின்று அவள் கையைப் பிடித்தாள். “உன் நல்லதுக்குச் சொல்றேன். நீ இதுல பேரக் குடுக்காத. இந்த மாதிரி விஷயத்துல பொம்பளைங்க பேரு வரக் கூடாது.”

“அவரு வேற யாரையும் நம்ப மாட்டேங்கிறாருக்கா.”

“நம்புறதுக்கு என்ன, பேரு எழுதாம சும்மா நம்பலாம்” என்றாள் ஓரகத்தி. பிறகு புருஷன் பின்னால் வேகமாக நடந்தாள்.

சாட்சிக்கு லிஃப்ட்காரரோடு வேலை பார்த்த கூட்டாளி வந்தான். ஊரே அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். அவனே அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். இன்னொரு சாட்சி அவள் வேலை செய்த கண்ணாடிக் கடையின் முதலாளி. அந்தக் கடையில் பதினேழு வருஷமாக அவள்தான் லென்ஸ்களை ஓரம் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். அவளுடைய சொந்தக் கண்ணாடியே தடிமன். அதனால் லிஃப்ட்காரருக்கு அவள் சோடாபுட்டி. கல்யாணமான மூன்றாவது நாளே வைத்த பேர்.

நோட்டரி வீட்டுக்கே வந்தார். செத்துப் போயிருந்த கட்டைவிரலை அவள்தான் தூக்கி மையில் வைத்து, காகிதத்தில் வைத்து, துடைத்துவிட்டாள். கிளம்பும்போது நோட்டரி, “அப்படியே ஒரு உயிலும் எழுதிடலாமே?” என்று கேட்டார்.

“என்ன இருக்கு எழுத? ஒரு வீடு. பொண்டாட்டி, பொண்ணு. வேற யாரு வரப்போறா” என்று லிஃப்ட்காரர் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள்.

நோட்டரி பையை மூடினார்.

நாலு மாதம் போனது. ஒரு சளிக் காய்ச்சல் மார்பில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் மதியம், டாக்டரம்மா அவளை வார்டுக்கு வெளியே கூப்பிட்டாள். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. கையில் அந்தக் காகிதம் இருந்தது.

“நான் இத மதிக்கணும். ஆனா உங்க கிட்ட ஒரு தடவ பேசாம மதிக்க முடியாது” என்றாள். “இப்ப குழாய் போட்டா இந்தக் காய்ச்சல்லேர்ந்து தப்பிச்சுடுவாரு. அதுக்கப்புறம் குழாய எடுக்க முடியுமான்னா, எனக்குத் தெரிஞ்சு முடியாது. அப்படியே மாசக்கணக்குல இருப்பாரு. வருஷம்கூட ஆகலாம்.”

“போடலேன்னா?”

“ஒரு நாள். ரெண்டு நாள். மூச்சுத் திணறல் தெரியாம பாத்துக்கிறது என் பொறுப்பு.”

போடுங்கள் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. இதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. மாசக்கணக்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும், மனசு அந்த மாசங்களை அள்ளி மடியில் கட்டிக்கொண்டுவிட்டது. வருஷம்கூட ஆகலாம் என்றாளே. ஆகட்டுமே. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதாதா?

நடைபாதை பெஞ்சில் பெயின்ட் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். “போடச் சொல்லும்மா. ஒரு குழாய்தானே. அவன் என்னமோ ஒரு வேகத்துல எழுதிட்டான்.”

மகளும் அழுதுகொண்டே, “அம்மா, ஒரு வாரம் மட்டும் போட்டுப் பாக்கலாம்மா” என்றாள்.

அவள் உள்ளே போனாள். லிஃப்ட்காரர் முகமூடிக்குள் குட்டிக் குட்டியாக மூச்சை எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுதாகப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கண் ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

“குழாய் போடச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.

இரண்டு தடவை மூடினார்.

புரியாதவள்போல் மறுபடி கேட்டாள். “டாக்டரு பொழச்சுக்கலாங்கிறாங்க. போடட்டுமா?”

இரண்டு தடவை.

மூன்றாவது தடவை கேட்டபோது அவர் கண்ணை மூடவே இல்லை. அவளையே பார்த்தார். சோடாபுட்டி, இவ்வளவு கிட்டத்துல நின்னும் உனக்குத் தெரியலையா என்பதுபோல் ஒரு பார்வை. அதில் கெஞ்சலும் இருந்தது. அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள். மூன்று டாக்டர்கள் கூடிப் பார்த்து அவர்களும் போட்டார்கள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயின்ட் கடைக்காரர் படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் முற்பகல் பத்தே முக்காலுக்கு லிஃப்ட்காரர் போனார். திணறல் இல்லை. தூங்குகிறவர் மூச்சை எங்கேயோ வைத்துவிட்டு மறந்ததுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை எந்த மெஷினும் வைக்கப்படவில்லை. ஆனால் தெரு ஒரு மெஷினை வைத்தது. வைத்துவிட்டு, அவள் கையாலேயே அதை நிறுத்தவும் வைத்தது. “ஓடிட்டிருந்த மெஷின ஆஃப் பண்ணச் சொல்லிட்டாளாம்.” “டாக்டரு கெஞ்சினாங்களாம்.” “ரெண்டு வருஷம் அள்ளிப் போட்டா இல்ல, சலிச்சுப்போயிருக்கும்.” கடைசியில் சொன்னது பாலுக்கு நின்ற இடத்தில் ஓரகத்தி: “நானா இருந்தா என் கை வந்திருக்காது.” இந்த ஒரு வரி தெரு முழுக்கச் சுற்றி, அடுத்த தெருவுக்கும் போய், கண்ணாடிக் கடைக்கும் வந்து சேர்ந்தது. லென்ஸ் மாற்ற வந்த ஒருத்தி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற யாரும் இல்லையா மாட்டித்தர?” என்று முதலாளியைக் கேட்டாள். முதலாளி, “எங்க கடையில இவங்கதான்” என்றார். அந்த அம்மாள் போய்விட்டாள். வாடிக்கை ஒன்று குறைந்தது. முதலாளி அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் உறவும் தெருவுமாக ஆறேழு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் யாரையும் ஊர் எதுவும் கேட்கவில்லை.

வீட்டை மகள் பேருக்கும் தன் பேருக்கும் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தாள். மின் கட்டணம், தண்ணீர் வரி எல்லாம் செத்தவர் பேரில்தான் வந்துகொண்டிருந்தன. இரண்டு மாதம் கழித்து தாலுகா அலுவலகத்திலிருந்து சான்றிதழுக்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. வாரிசு குறித்து ஆட்சேபணை வந்திருப்பதாகவும், விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்றும் இருந்தது. ஆட்சேபணை மனுவின் நகலும் கூடவே இருந்தது. கொடுத்தவர் பெயின்ட் கடைக்காரர்.

வீடு நின்ற மனை அவர்களுடைய அப்பா வைத்துவிட்டுப் போனது. அண்ணனுக்குக் கடை, தம்பிக்குக் காலி மனை என்று பிரித்துக்கொண்டு இருபது வருஷம் ஆயிற்று. மனைமேல் எழுந்த செங்கல் ஒவ்வொன்றும் லிஃப்ட்காரர் சம்பளமும் அவள் சம்பளமும். இது பெயின்ட் கடைக்காரருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆண் பிள்ளை இல்லாத வீடு நாளைக்குக் கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும் என்பது அவருக்கு வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். அந்தக் கல்லைக் காகிதத்தில் எழுத முடியாது. எழுதினால் எந்த அலுவலகத்திலும் நிற்காது. யாரோ விவரம் தெரிந்தவன் வேறு வழி சொல்லிக் கொடுத்திருந்தான். மனுவில் இப்படி இருந்தது:

‘ஒருவரின் மரணத்துக்குக் காரணமானவர் அவரது சொத்துக்கு வாரிசாக இருக்க இயலாது. என் தம்பிக்கு அளிக்கப்பட வேண்டிய சிகிச்சையைத் தடுத்து அவர் மரணத்துக்குக் காரணமானவர் மேற்படி மனைவியே என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சி.’

மகள் அதைப் படித்துவிட்டு நகலை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள். “பெரியப்பாவா எழுதினாரு இத?”

“எழுதினது வேற யாராவது இருக்கும். கையெழுத்து அவரோடது.”

முதல் விசாரணையன்று அலுவலர் பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை பெயின்ட் கடைக்காரர் வரவில்லை. மூன்றாவது தடவை ஸ்பேனர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, லிஃப்ட்காரர் தன் வாயால் சொல்லித்தான் அது எழுதப்பட்டது என்று சத்தம் போட்டுச் சொன்னான். “உங்களுக்கும் இறந்தவர் மனைவிக்கும் எத்தனை வருஷப் பழக்கம்?” என்று அலுவலர் கேட்டார். ஸ்பேனருக்கு முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொரு தடவையும் அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே மர பெஞ்சு. அதே சுவரில் கிழிக்கப்படாத போன வருஷக் காலண்டர். நாலாவது தடவைதான் அவளைக் கேட்டார்கள்.

“சிகிச்சை வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?”

“அவரு சொன்னாரு. எழுதியும் வெச்சிருந்தாரு. அன்னிக்கும் கேட்டேன். வேண்டாம்னாரு.”

“பேச்சு வராதவர் எப்படிச் சொன்னார்?”

“கண்ணால.”

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அலுவலர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “ஆஸ்பத்திரித் தாள்ல இருக்கிற கையெழுத்து உங்களோடது தானே?”

“ஆமாம்.”

அந்த ஆமாம் மட்டும் தாளில் ஏறியது. கண் ஏறவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மகள் கேட்டாள். “அம்மா, பாதி வீட்ட எழுதிக் குடுத்துட்டா என்ன? நமக்கு ரெண்டு ரூம் போதாதா? எனக்கு இந்த பெஞ்சில உக்காந்து உக்காந்து வெறுத்துப்போச்சு.”

“எனக்கும்தான்” என்றாள் அவள். “வீட்டுக்காகன்னா இன்னிக்கே எழுதிக் குடுத்துடலாம்.”

“பின்ன எதுக்காக?”

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்தாள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

லிஃப்ட்காரர் போன எட்டாவது மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு பெயின்ட் கடைக்காரர் வந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். சட்டை அவர் உடம்பைவிட இரண்டு சுற்று பெரிதாகியிருந்தது.

“படிக்கிற கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குதும்மா” என்றார். குரல் உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் வந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை. முகம்தான் இளைத்துச் சட்டம் இறங்கியிருந்தது. சூடு காட்டி இரண்டு காதுக் கம்பிகளையும் வளைத்தாள். மாட்டிப் பார்க்கச் சொன்னாள். முதலாளி எதையோ புரிந்துகொண்டவராக உள்ளறைக்குப் போனார்.

“தொண்டையில” என்றார் பெயின்ட் கடைக்காரர். “முத்திடுச்சாம். மூணு மாசமா ஆஸ்பத்திரிதான், பாதி நாள் உள்ளயே படுக்க வெச்சுட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன். தொண்டையில ஓட்ட போட்டு, மூக்குல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. கையக் கட்டி வெச்சிருக்காங்க, புடுங்கிடுவான்னு. அவன் என்னையே பாத்துட்டிருந்தான்மா. நாப்பது நாள்.”

அவள் கம்பியை வளைத்த இடுக்கியைத் துணியால் துடைத்தாள்.

“எனக்கும் அந்தக் காகிதம் எழுதணும்.”

“நோட்டரி நம்பர் தர்றேன்.”

“அது கெடைக்கும். பேரு எழுதணுமே. யாரக் கேக்கணும்னு.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “பெரியவன் எல்லாத்தையும் பண்ணுங்கம்பான். ஊரு மெச்சணும் அவனுக்கு. சின்னவன் உக்காந்து அழுவான். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். உன் பேரப் போடலாம்னு இருக்கேன். நீ ஒருத்திதான் சொன்னா சொன்னபடி செய்வே.”

அவள் கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தாள். எட்டு மாதத்தில் அவளைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அது இந்த வாயிலிருந்து வந்தது.

“அந்த மனுவ வாபஸ் வாங்கிடறேன்” என்று அவசரமாகச் சேர்த்தார். “நாளைக்கே. நீ சரின்னு சொல்லு.”

“வாபஸ் வாங்குறதும் இதுவும் ஒண்ணா பெரியத்தான்?”

“ஒண்ணுன்னு சொல்லல. குடும்பத்துக்குள்ள ஒரு இதுவா...”

“அக்கா பேர எழுதுங்க.”

அவர் தலையை ஆட்டினார். தொண்டை வலித்திருக்க வேண்டும், துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். “அவ வேண்டாம்மா. பாவம், தாங்க மாட்டா. ஊரு ஒரு மாதிரி பேசும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது. சரிசெய்த கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். தெருவில் ஒரு வண்டி நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்கு வேண்டிய தெம்பு அலுவலக பெஞ்சிலேயே செலவழிந்துபோயிருந்தது.

“உங்க பொண்டாட்டி அவங்க” என்றாள் கடைசியில். “முப்பத்தஞ்சு வருஷம் உங்க கூட இருந்தவங்க. அவங்க பேரத்தான் எழுதணும். எழுதினத அவங்ககிட்டயும் பசங்ககிட்டயும் நீங்களே உக்காந்து சொல்லணும். ஊருகிட்டயும் சொல்லுங்க, இப்ப குரல் இருக்கிறப்பவே. அந்த நேரம் வந்தா அக்கா பக்கத்துல நான் நிப்பேன். அதுக்கு நீங்க எதையும் வாபஸ் வாங்க வேண்டாம்.”

கண்ணாடிக்கு அவர் கொடுக்க வந்ததை அவள் வாங்கவில்லை. காதுக் கம்பி வளைப்பதற்கு அந்தக் கடையில் யாரிடமும் வாங்குவதில்லை.

அடுத்த விசாரணைக்குப் பெயின்ட் கடைக்காரர் வந்திருந்தார். ஓரகத்தியும் கூட வந்திருந்தாள். அந்தக் காகிதத்தில் அவர் மனைவி பேரைத்தான் எழுதினார் என்று நோட்டரி மூலமாக லிஃப்ட்காரர் மனைவிக்கு முன்பே தெரியும். ஓரகத்தி அவளைப் பார்த்துவிட்டு, உட்கார இடமிருந்தும் பெஞ்சின் ஓரத்தில் நின்றாள்.

உள்ளே அலுவலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “நல்ல விஷயம். மனுதாரர் ஆட்சேபணையத் திரும்ப வாங்கிக்கிறார். சமரசம்னு எழுதிக் கொண்டாந்திருக்கார். நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே சான்றிதழ் தயார்.”

அவள் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தாள். ‘இறந்தவரின் மனைவி அறியாமையால் செய்த செயலைக் குடும்ப நலன் கருதி மன்னித்து, இரு தரப்பும் சமரசமாகி...’

பேனாவைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

“மன்னிச்சுன்னு இருக்கு சார்.”

“அது எல்லாச் சமரசத்துலயும் வர்ற வார்த்தைம்மா. எழுதுறவங்க வழக்கமா போடறது.”

“நான் தெரியாம எதையும் செய்யல. மன்னிக்கிற மாதிரியும் செய்யல.”

“சரி, அந்த வரிய அடிச்சுடச் சொல்றேன்.”

“அடிச்சுட்டா என்ன எழுதுவீங்க?”

“எதுவும் எழுத வேண்டாம். ஆட்சேபணையே இல்லைன்னு ஆயிடும். விஷயம் முடிஞ்சிடும்.”

“நான் செஞ்சது சட்டப்படி சரின்னு எழுத மாட்டீங்களா?”

அலுவலர் அவளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். “அத எழுதணும்னா விசாரண முழுசா நடக்கணும். ஆஸ்பத்திரிக்கு எழுதி, டாக்டர வரச் சொல்லி, அவங்க வாக்குமூலம் வாங்கி... இன்னும் நாலஞ்சு மாசம் இழுக்கும். சான்றிதழ் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. எதுக்கும்மா வீணா?”

“இழுக்கட்டும் சார்.”

“அதுவரைக்கும் நான் இருப்பனான்னு தெரியலம்மா” என்றார் பெயின்ட் கடைக்காரர். பாதி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன.

“தெரியும் பெரியத்தான்” என்றாள் அவள். கடுமையாகச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேல் மின்விசிறி ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, போய் விசையைத் தட்டிவிட்டு வந்தாள். “உங்க கையெழுத்துல ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு இவங்க கையெழுத்துல ஒரு பதில் வேணும். ஆமாம்னோ இல்லேன்னோ.”

பெயின்ட் கடைக்காரர் சமரசத் தாளை எடுத்து நாலாக மடித்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் பெருமூச்சு விட்டுப் பதிவேட்டைப் புரட்டி, ஆறு வாரம் தள்ளி ஒரு தேதி சொன்னார். அவள் அதைக் கைப்பையிலிருந்த கடை ரசீது ஒன்றின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். இன்னொரு அரை நாள். மகளிடம் சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் ஓரகத்தி இப்போது உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே பேசியது எல்லாம் திறந்த கதவு வழியாக அவள் காதில் விழுந்திருக்கும். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

“என்னையும் இங்க உக்கார வெச்சு இப்படித்தான் கேப்பாங்களா?”

“கேப்பாங்கக்கா” என்றாள் அவள். “அதுக்குள்ள பதில் வந்துடணும்னுதான் நான் உக்காந்திருக்கேன்.”